ஏழுமலை வைத்த பத்திரிகை

திருப்பதியில் குடியிருப்பவருக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள். தரிசனத்துக்கு டிக்கெட் கிடைக்குமா, ரூம் கிடைக்குமா, லட்டு இரண்டு கூடுதலாக வாங்கி அனுப்ப முடியுமா என்று யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள். ஏழுமலைக்கு வரும் போன் வேறு ரகம். "சார், எங்க மெயில் போவல." பதினோரு வருஷமாக அவர் கண் விழிப்பதே இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். அதுதான் அவர் வேலை செய்யும் கம்பெனி. முதலாளி பெயர் ஸ்ரீஹரி. வியாபாரிகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பதும், அவரவர் கம்பெனி பெயரிலேயே மெயில் முகவரி கொடுத்துப் பராமரிப்பதும் தொழில். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை, திருப்பதியில் லாட்ஜுகள், நகரியில் துண்டு நெய்யும் தறிக்கூடம் என்று முன்னூற்று நாற்பது வாடிக்கையாளர்கள். அத்தனை பேரின் மெயிலும் ஒரே சர்வர் வழியாகத்தான் வெளியே போகும். அந்த சர்வருக்குக் காவல் ஏழுமலை.

காவல் என்றால் சும்மா இல்லை. இணையத்தில் பிளாக்லிஸ்ட் என்று ஒன்று உண்டு. எந்த சர்வரிலிருந்து குப்பை மெயில் வருகிறதோ அதன் இணைய எண்ணைச் சில நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் ஏற்றிவிடும். உலகத்தில் உள்ள மற்ற சர்வர்கள் எல்லாம் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். எண் ஏறிவிட்டால் அங்கிருந்து போகும் மெயில் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஏழுமலையும் தம்முடைய சர்வருக்கு வரும் மெயிலை அதே பட்டியலை வைத்துத்தான் வடிகட்டுவார். லாட்டரி விழுந்தது, கடன் தருகிறோம், மாத்திரை வாங்கு என்று நாளுக்கு ஆயிரக்கணக்கில் வரும் கண்றாவியெல்லாம் அதில் அடிபட்டுப் போகும். அதனால் பட்டியல் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. வம்பு எங்கே என்றால், முன்னூற்று நாற்பது பேரில் ஒருத்தர் குப்பை அனுப்பினாலும் பட்டியலில் ஏறுவது சர்வர். ஒருத்தர் செய்த வினைக்கு மற்ற அத்தனை பேர் வாயிலும் மண்.

அதற்காகவே ஏழுமலை ஒரு விதி எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். யாரால் சர்வர் பட்டியலில் ஏறுகிறதோ அவருடைய கணக்கு அன்றே மூடப்படும். முப்பது நாளைக்குத் திறக்காது. அது யார் என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கும் சொல்லப்படும். ஒரு லாட்ஜ்காரர், தம்மிடம் என்றைக்கோ தங்கிப் போனவர்களுக்கெல்லாம் உகாதி வாழ்த்து அனுப்பி மாட்டிக்கொண்டார். "வாழ்த்துதானே சொன்னேன், வசவா சொன்னேன்?" என்று அழாத குறையாகக் கேட்டார். "அனுப்புறவருக்கு எதுவுமே குப்பை இல்ல சார். அத வாங்கறவருதான் சொல்லணும்," என்று சொல்லிக் கணக்கை மூடினார் ஏழுமலை. மனுஷர் நல்லவர்தான். ஒருத்தர் பசி என்று வந்தால் தன் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கருங்கல்.

பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவருக்கு. அப்பாவும் அம்மா செல்லியம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். ஏழுமலை பாலிடெக்னிக் படித்துவிட்டு, கேபிள் இழுக்கும் வேலையில் சேர்ந்து, கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிக் கற்று, நாற்பத்தொரு வயதில் இந்த நாற்காலிக்கு வந்திருந்தார். இந்த ஆவணியில் ரேணிகுண்டா பக்கம் ஒரு புது லேஅவுட்டில் சொந்தமாக வீடும் கட்டி முடித்துவிட்டார். பச்சை கேட், உள்ளே ஒரு ஹால், இரண்டு அறை. கதவில் பெயின்ட் காயுமுன்பே மனைவி கல்பனா மூன்று தடவை தொட்டுப் பார்த்து மூன்று தடவையும் கையில் ஒட்டிக்கொண்டாள்.

புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்தார்கள். அந்தப் பத்திரிகை விஷயத்தில் ஏழுமலைக்கு ஒரு பழைய காயம் உண்டு. அவர் ஊரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைப்பார்கள். ஏழுமலையின் தெருவுக்கு மட்டும் ஓர் ஆள் வந்து, முனையிலேயே நின்று, "எல்லாரும் வந்துடுங்கப்பா" என்று கத்திவிட்டுப் போவான். சின்ன வயதில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு வலித்தது. ஆகவே தன் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது என்று முடிவு கட்டினார்.

"பழசுங்கள உட்ராத," என்றாள் கல்பனா. "பேச்சுவார்த்த நின்னுபோனவங்களுக்குத்தான் மொதல்ல வெக்கணும். பகையாளிக்கும் பத்திரிகை வெச்சாத்தான் வூட்டுக்கு நல்லது."

அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். உறவு அறுந்திருந்தாலும் நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டுவிட வேண்டும். சொந்தபந்தங்களுக்கு இரண்டு வாரம் பைக்கில் அலைந்து நேரில் வைத்தார்கள். மிச்சம் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு ஆபீஸ் முகவரியிலிருந்து மெயிலில் அனுப்பிவிடலாம் என்று ஏழுமலை உட்கார்ந்தார். இப்போதைய முன்னூற்று நாற்பது பேரோடு, பதினோரு வருஷத்தில் வந்து, நின்று, கடை மூடி, கோபித்துக்கொண்டு போனவர்கள் எல்லோரையும் பழைய பதிவுகளிலிருந்து தேடி எடுத்தார். உகாதி வாழ்த்துக்காரரும் அதில் இருந்தார். மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் முகவரிகள். நிதானமான மனுஷர், மணிக்கு இருநூறு என்று பிரித்து, புதன்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டு, மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார்.

இங்கேதான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். பழைய முகவரி என்பது என்ன? கம்பெனி மூடி வருஷக்கணக்கில் ஆன பிறகு அதன் இணையப் பெயர் ஏலத்துக்கு வரும். பிளாக்லிஸ்ட் நடத்துபவர்களில் சிலர் அதை வாங்கிப் பொறியாக வைத்துவிடுவார்கள். யாருமே இல்லாத முகவரி. அங்கே மெயில் வந்தால், வாங்குபவரைக் கேட்காமல் அனுப்பும் ஆள் என்று அர்த்தம். எலி மாட்டினால் பட்டியலில் ஏற்றிவிட வேண்டியதுதான். இதை வாடிக்கையாளர்களுக்குப் பாடமாக நடத்தியவரே ஏழுமலைதான். "பழைய அட்ரஸ தொடாதீங்க சார், பாம்புப் புத்து" என்பார். அவர் கையே புற்றுக்குள் போனபோது அவருக்கு அது புற்றாகத் தெரியவில்லை. தன் வீட்டு விசேஷத்துக்குத் தன் மனிதர்களைக் கூப்பிடுகிறோம் என்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சர்வர் பட்டியலில் ஏறிவிட்டது. பத்தேகாலிலிருந்து போன் ஓயவில்லை. சித்தூர் கூழ் ஆலையின் ஏற்றுமதிப் பேப்பர்கள் திரும்பி வந்துவிட்டன. லாட்ஜுகளின் முன்பதிவு மெயில் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

ஸ்ரீஹரி எழுந்தே வந்துவிட்டார். "எவடய்யா அவன்? மொதல்ல புடி!" கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும்.

யார் எத்தனை மெயில் அனுப்பினார்கள் என்று காட்டும் ஒரு பட்டியலை ஏழுமலையே எழுதி வைத்திருந்தார். வாடிக்கையாளர் கணக்குகளை மட்டும்தான் அது காட்டும். ஆபீஸ் ஆட்களின் கணக்கை அதில் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. காவல்காரன் வீட்டில் யார் சோதனை போடுவார்கள்? ஏழுமலை எழுதிய அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் மேலே நின்றது. நகரி தாட்சாயணி துண்டுக் கம்பெனி. காலை ஒன்பது நாற்பதுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மெயில்.

தாட்சாயணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாலு விசைத்தறி வைத்து லாட்ஜுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து கொடுப்பவர். மெயில் வேலையெல்லாம் பி.காம். படித்த மருமகள் பிரமிளா கையில். ஏழுமலை போன் செய்தபோது பின்னால் தறிச் சத்தம் இரைந்தது. தாட்சாயணி வெளியே வந்து பேசினார்.

"காலையில லாட்ஜுங்களுக்கு மெயில் அனுப்பினீங்களாம்மா?"

"ஆமா சார், பிரமிளாதான் அனுப்பிச்சா. பிரம்மோற்சவம் வருதில்ல, துண்டு வேணுமான்னு கேட்டு. எல்லாம் நம்மகிட்ட வாங்கறவங்கதான்."

"அதால சர்வரே பிளாக்லிஸ்ட்ல ஏறிடுச்சும்மா. முன்னூத்தி நாப்பது பேருக்கு மெயில் போவல. உங்க கணக்க மூடறேன். முப்பது நாள் ஆவும்."

 தாட்சாயணியின் குரல் இறங்கி வந்தது. "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு கொட்டேசன் அனுப்பணும் சார். கம்பெனி மெயில்ல வந்தாத்தான் எடுத்துக்குவோம்னு எழுதியே குடுத்திருக்காங்க. அது கெடச்சாத்தான் பொங்கல் வரைக்கும் பதினாலு தறியும் ஓடும். இல்லன்னா ஆறு தறிய நிறுத்தணும்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"எங்களாலயா சார் இவ்ளோ பேருக்குக் கஷ்டம்?" என்றார் தாட்சாயணி. வாதாடவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஏழுமலை கணக்கை மூடினார். அதற்கு ஒரு நொடிதான் ஆகும். ஸ்ரீஹரிக்கும் திருப்தி. இனி வரப்போகும் வாடிக்கையாளர்களுக்கென்று வேறு எண்ணில் இன்னொரு சர்வர் தயாராக இருந்தது. அதற்கு மற்ற கணக்குகளை மெல்ல மெல்ல மாற்றத் தொடங்கினார்கள். குற்றம் செய்த கணக்கை மட்டும் சுத்தமான சர்வருக்கு மாற்றக் கூடாது. அதுவும் ஏழுமலை எழுதிய விதிதான்.

ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டதற்கு, நாலு மணிக்கு பிளாக்லிஸ்ட் நடத்துபவர்களிடமிருந்து பதில் வந்தது. எந்தப் பொறியில் விழுந்தது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நேரத்தையும் மெயிலின் தலைப்பையும் மட்டும் காட்டுவார்கள். நேரம், புதன் இரவு எட்டு பன்னிரண்டு. தலைப்பு, எங்கள் இல்லப் புதுமனை புகுவிழா.

ஏழுமலை அதை மூன்று தடவை படித்தார். வேறு யார் வீட்டு விழாவாகவாவது இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாராம், பாவம். காது இரண்டும் சூடாகிவிட்டன. பட்டியலிலிருந்து எண்ணை எடுக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணம் என்ன என்று அதில் ஒரு கட்டம். 'ஒரு வாடிக்கையாளர் கணக்கு, மூடிவிட்டோம்' என்று தட்டினார். அழித்தார். மறுபடி அதையே தட்டினார். அனுப்பாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

உடனே சொல்லியிருக்கலாமே என்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்கலாம். அவருக்கு வீட்டுக் கடன் முதல் தவணை அடுத்த மாதம். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. அவர் தெருவிலிருந்து இப்படி ஒரு நாற்காலிக்கு வந்த ஆள் அவர் ஒருவர்தான். ஒரு தப்பு செய்தால் போதும், 'அதான் பாத்தேன்' என்று சொல்வதற்கென்றே காத்திருக்கும் வாய்களை அவர் நிறையப் பார்த்தவர். பதினோரு வருஷம் கருங்கல்லாக இருந்ததே அந்த வாய்களுக்குப் பயந்துதான்.

வெள்ளிக்கிழமை காலை இட்லி தட்டில் அப்படியே இருந்தது.

"இன்னாய்யா, துன்னாம கெளம்பற?" என்று கல்பனா வழி மறித்தாள். "நேத்துலேர்ந்தே ஒரு மாதிரி இருக்கற. வூட்டுக்காரியாண்ட சொல்லாம யாராண்ட சொல்வ?"

சொன்னார். மெயில், பொறி, நகரி அம்மா, கொட்டேசன் எல்லாம். கல்பனாவுக்கு சர்வர் தெரியாது, பிளாக்லிஸ்ட் தெரியாது. ஆனால் அவளுக்கு வேண்டியது புரிந்துவிட்டது.

"அந்தம்மா எத்தினி மணிக்குள்ள அனுப்பணும்?"

"அஞ்சு."

"இப்போ எட்டரை," என்றாள் கல்பனா.  தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆபீசுக்கு வந்தால் ஸ்ரீஹரி சித்தூருக்குப் போயிருந்தார். கூழ் ஆலைக்காரரைச் சமாதானம் செய்யப் போனாராம். போனில் சொல்லலாம் என்று ஏழுமலை இரண்டு தடவை எடுத்தார், இரண்டு தடவையும் வைத்தார். முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டரை என்று போய்க்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு ஸ்ரீஹரி வந்தார். நல்ல மனநிலையில் வந்தார்.

"நல்ல வேள, நேத்தே புடிச்சிட்ட. கூழ் ஃபேக்டரிக்காரரு சாந்தம் ஆயிட்டாரு. இப்போ எல்லாருக்கும் ஒரு லெட்டர் போட்டுடு. நகரி தாட்சாயணி கம்பெனியாலதான் இந்தப் பிரச்சன, அவங்க கணக்க மூடிட்டோம்னு. பேரு கண்டிப்பா போடணும். அப்போதான் மத்தவங்களுக்கு பயம் வரும்."

ஏழுமலை விசைப்பலகையில் கை வைத்தார். 'நகரி' என்று தட்டினார். அதற்கு மேல் விரல் போகவில்லை. தெருமுனையிலிருந்து முன்னூற்று நாற்பது பேருக்குக் கேட்கும்படி ஒரு பெண்ணின் பெயரைக் கத்தச் சொல்கிறார்கள்; கத்தப் போவது தான் என்று அவருக்கு உறைத்தது.

"சார், இதுல அவங்க பேரு வேணாம். என் பேரப் போடணும்."

"இன்னா?"

"அவங்க மெயில்ல ஒண்ணும் தப்பு இல்ல சார். எங்க வூட்டுப் பத்திரிகை. பழைய கஸ்டமருங்களுக்கும் சேத்து அனுப்பினேன். அதுதான் பொறியில விழுந்துச்சு. நேத்து நாலு மணிக்கே எனக்குத் தெரியும்."

ஸ்ரீஹரி முதலில் சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார். ஏழுமலையின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் வந்ததே பாருங்கள், இரண்டு பாஷையிலும் வந்தது. பதினோரு வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினாயே என்றார். உகாதி வாழ்த்துக்காரர் போனது உன்னால்தானே என்றார். நேற்றே சொல்லாமல் என்னைச் சித்தூர் வரைக்கும் போய்ப் பொய் சொல்ல வைத்தாயே என்றார். அந்தக் கடைசி ஒன்றுக்கு ஏழுமலை தலை குனிந்தார்.

"ரூல் இன்னா சொல்லுது? உன் கணக்க மூடு."

"மத்தியானமே மூடிட்டேன் சார்."

ஸ்ரீஹரி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் கொஞ்சம் இறங்கி, வியாபாரப் புத்தி தலைதூக்கியது. "சரி, லெட்டர்ல உன் பேரப் போட்டா கம்பெனி மானம் போயிடும். டெக்னிக்கல் ப்ராப்ளம்னு போட்டு முடிச்சிடு."

"நேத்து போன் பண்ணின அத்தினி பேருக்கும் நகரி கம்பெனிதான்னு நான் வாயால சொல்லியிருக்கேன் சார். என் பேரு போட்டாத்தான் அது மாறும்."

ஸ்ரீஹரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடு," என்றார் கடைசியில். "உன் வேலையப் பத்தி உன் விசேஷம் முடியட்டும், பேசிக்கலாம்." அது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று ஏழுமலைக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. மணி நாலு.

தாட்சாயணியின் கணக்கைத் திறந்து, சுத்தமான சர்வருக்கு மாற்றி, சோதித்துப் பார்த்து முடிக்க நாலு இருபத்தைந்து ஆகிவிட்டது. போன் போட்டார்.

"அம்மா, உங்க மெயில் ஓடுது. கொட்டேசன உடனே அனுப்புங்க."

"யாரு சார் அனுப்புவா?" என்றார் தாட்சாயணி. குரல் கம்மியிருந்தது. "பிரமிளா இல்லியே. நேத்து நீங்க போன வெச்சதுலேர்ந்து மனசு ஆறாம, சாயங்காலம் தறி நிறுத்தற நேரத்துல ஷெட்டுக்குப் போய், அத்தினி பேரு எதிர்லயும் கேக்கக்கூடாதத கேட்டுட்டேன். உன் படிப்பாலதான் எங்க கம்பெனி பேரு கெட்டுச்சுன்னேன். ஒரு வார்த்த திருப்பிப் பேசல. பஸ் ஏறி பிச்சாட்டூருக்கு அம்மா வூட்டுக்குப் போயிட்டா."

 எதற்கு அழுவதானாலும் முதலில் கொட்டேசன் போக வேண்டும். "கம்ப்யூட்டர் எதிர்ல உக்காருங்கம்மா. நான் சொல்றேன்."

அடுத்த இருபது நிமிஷத்தை ஏழுமலை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். தாட்சாயணிக்குத் தறியில் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடியத் தெரியும். சுட்டியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. "அம்பு ஓடிப்போவுது சார்" என்கிறார். கொட்டேசன் என்று நினைத்துத் திறந்தது பேரனின் பிறந்தநாள் படமாக இருந்தது. அதற்குள் நூல்காரர் வேறு உள்ளே வந்து கணக்குக் கேட்க, "வெளிய போய்யா!" என்று ஒரு சத்தம். கடைசியில் பிரமிளா தயாராக வைத்திருந்த கடிதம் வரைவிலேயே கிடைத்தது. நாலு ஐம்பதுக்கு அது போனது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று சர்வரில் பார்த்த பிறகுதான் ஏழுமலை மூச்சை விட்டார்.

"ரொம்ப நன்றி சார். தப்பு பண்ணின எங்களுக்குப் போய்..."

"நீங்க பண்ணலம்மா," என்றார் ஏழுமலை. "நான் பண்ணினேன்." நடந்ததை அவரிடமும் சொல்லி முடித்தார்.

தாட்சாயணி திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "அப்போ எம் மருமவ மேல தப்பு இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அதையே இன்னொரு தடவை கேட்டார். பிறகு சொன்னார், "இத எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்?"

மறுநாள் சனிக்கிழமை. விழாவுக்கு இன்னும் ஐந்து நாள். சமையல்காரரைப் பார்க்க வேண்டும், ஷாமியானாவுக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கல்பனாவிடம் விட்டுவிட்டு ஏழுமலை பைக்கை எடுத்தார். புத்தூரில் திரும்பிப் பிச்சாட்டூர் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. பிரமிளா அம்மா வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். முகம் வீங்கியிருந்தது. அவர் யார் என்று சொன்னதும் கையிலிருந்த சேலையைப் பிழிந்து முடிக்கும் வரை அவள் நிமிரவில்லை.

"நேத்து வந்த லெட்டர போன்ல பாத்தேன் சார். உங்க பேரு போட்டிருந்துச்சு. அத்தையும் ராத்திரி போன் பண்ணினாங்க. நான் எடுக்கல."

"மன்னிச்சிடும்மா. கடுதாசி போட்டா போதாதுன்னுதான் நேர்ல வந்தேன்."

"கடுதாசி படிக்கறவங்களுக்குப் போதும் சார்," என்றாள் பிரமிளா. "ஷெட்டுல இருக்கறவங்க மெயில் படிக்க மாட்டாங்க. அவங்க காதால கேட்டாங்க. அங்க வந்து சொல்லுங்க."

 ஏழுமலை சரி என்று தலையை ஆட்டினார். பிரமிளா தன் அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஏழுமலை பின்னாலேயே போனார்.

நகரியில் தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது. பதினாலு விசைத்தறியும் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவது கூடக் கேட்காது. தாட்சாயணி மருமகளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கையைப் பிடிக்கப் போனார். பிரமிளா கையைக் கொடுக்கவில்லை. ஏழுமலையைக் காட்டினாள்.

ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். அவர் பேசியது அவருக்கே கேட்கவில்லை. நெசவாளர்கள் யாரோ நூல் விற்க வந்தவர் என்று நினைத்துத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். இவ்வளவு போதும், சொல்லிவிட்டோம் என்று திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. தாட்சாயணியைப் பார்த்தார்.

மின்வெட்டுக்குத் தவிர வேலை நேரத்தில் தறியை நிறுத்தவிடாதவர் தாட்சாயணி. அவரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். தறிகள் ஒவ்வொன்றாகத் தடதடத்து நின்றன. கூடத்தில் அப்படி ஓர் அமைதி வந்தது.

"கரண்ட் பூடுச்சாம்மா?" என்று துலுக்காணம் கேட்டார். அங்கே எல்லோரிலும் மூத்த நெசவாளர்.

"கரண்ட் இருக்குது. இவரு ஒண்ணு சொல்லணுமாம். கேளுங்க."

சத்தத்தில் பேசிய குரலிலேயே ஏழுமலை மறுபடி பேசிவிட்டார். அமைதியில் அது கத்துவது போலக் கேட்டது. பரவாயில்லை என்று அப்படியே பேசினார். "எம் பேரு ஏழுமலை. உங்க கம்பெனி மெயில பாத்துக்கறவன். வியாழக்கெழமை உங்க கம்பெனியால எல்லாருக்கும் பிரச்சன ஆச்சுன்னு சொன்னது நான்தான். அது பொய். இந்தப் பொண்ணு அனுப்பினதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. எங்க வூட்டு விசேஷத்துக்கு நான் அனுப்பின மெயிலால வந்துது. தெரிஞ்ச பிறகும் ஒரு நாள் பூரா வாயத் தெறக்கல. அந்த ஒரு நாள்லதான் இவங்க வூட்ட உட்டுப் போய் இருந்தாங்க."

 தாட்சாயணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "பிரமிளா, முந்தாநாளு இதே எடத்துல நின்னு சொன்னேன். அது தப்பும்மா."

பிரமிளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துலுக்காணம் தறியை விட்டு இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்தார்.

"நானும் அப்டித்தான் நெனச்சேன் தாயீ," என்றார். "படிச்ச திமிருன்னு வூட்லகூடப் போய்ச் சொன்னேன்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர், "நானுந்தாம்மா," என்றார். அப்புறம் மூலையிலிருந்து ஒரு பெண் குரல். பிரமிளா அப்போதுதான் அழுதாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை, சத்தமாகவே வந்தது. மறைத்துக்கொள்ள அங்கே தறிச் சத்தம் இல்லை. ஏழுமலை போக நினைத்தும் போகாமல், அவள் அழுது முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.